வழிமறித்த வழக்கு

சித்தூர் நகரத்திலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில், பாஹுதா என்னும் சிற்றாற்றின் கரையில் எழுந்தருளியிருக்கும் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரின் சந்நிதிக்கு, திருப்பதி யாத்திரையின் போக்கில் வரம் வேண்டி வருகிற பக்தர்களோடு, தங்கள் விவகாரத்தைத் தீர்த்துக்கொள்ள வருகிற மனிதர்களும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறார்கள். வாங்கிய கடனைத் திருப்பிவிட்டேன் என்பவனும், வரப்பை நான் நகர்த்தவில்லை என்பவனும், கோயில் குளத்தில் மூழ்கியெழுந்து, சொட்டுகிற ஈரத்துணியோடு பிள்ளையாருக்கு எதிரே நின்று பிரமாணம் செய்துவிட்டால், அதற்கு மேல் அந்த வழக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பொய்ப் பிரமாணம் செய்தவனை அந்தத் தெய்வம் சும்மா விடாது என்பது இந்தப் பக்கத்தாரின் அசையாத நம்பிக்கை. சந்நிதியை அடையும் முன்பே மனம் நடுங்கி, உண்மையை ஒப்புக்கொண்டு திரும்பியவர்கள் உண்டென்றும் சொல்வார்கள்.

வண்டிப் பந்தயத்தில் ஒருவன் மற்றவனுடைய வழியை மறித்தான் என்று எழுகிற பிராதை எவ்வாறு தீர்ப்பது என்பதே இக்கட்டுரையின் விஷயம். அதைப் பிள்ளையார் சந்நிதியில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இவ்வகை வழக்குகளில் உலக இலக்கியம் நமக்குக் காத்துத் தந்திருக்கும் மிகப் பழைய வழக்கும் ஒரு பிரமாணத்தில்தான் முடிவடைகிறது.

கிரேக்க மகாகவி ஹோமரின் இலியட் காவியத்தில், இருபத்து மூன்றாம் காண்டத்தில், போரில் மாண்ட பட்ரோக்ளஸின் நினைவாக அக்கிலீஸ் ஒரு ரதப் பந்தயம் நடத்துகிறான். ஐந்து ரதங்கள் புறப்படுகின்றன. தொலைவில் நடப்பட்ட எல்லைக் கம்பத்தைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். கம்பத்தருகே நடப்பதைக் கண்ணால் கண்டு உள்ளது உள்ளபடி உரைப்பதற்காக, பீனிக்ஸ் என்னும் முதியவர் அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார். மாரிக்காலத்து வெள்ளம் கரையை அரித்து வழியைக் குறுக்கிவிட்ட ஓரிடத்தில், மெனலாஸ் என்னும் அரசனுடைய ரதம் முன்னே சென்றுகொண்டிருக்க, நெஸ்டரின் மகனான ஆண்டிலோக்கஸ் என்ற இளைஞன், தடத்தை விட்டு விலகித் தன் குதிரைகளைப் பக்கவாட்டில் நெருக்கிச் செலுத்துகிறான். வழி குறுகல், சற்றுப் பொறு, அப்பால் அகலமான இடம் வரும் என்று அரசன் கூவியதைக் காதில் வாங்காதவன் போல அவன் சாட்டையை வீச, மோதல் நேர்ந்து இருவரும் புழுதியில் விழுவார்களே என்று அஞ்சிய மெனலாஸ் தன் கடிவாளத்தை இழுக்கிறான். இளைஞன் இரண்டாவதாகவும், அரசன் மிக அருகில் மூன்றாவதாகவும் வந்து சேர்கிறார்கள்.

இரண்டாம் பரிசான பெண்குதிரையை இளைஞன் பற்றிக்கொள்ளும் தறுவாயில் மெனலாஸ் எழுந்து, பக்ஷபாதமின்றி நியாயம் சொல்லுங்கள் என்று சபையை வேண்டுகிறான். உடனே, வேண்டாம், நானே முறை சொல்கிறேன் என்று கூறி, குதிரைகளின் முன்னே நின்று, கையில் சாட்டையை ஏந்தி, குதிரைகளைத் தொட்டு, வேண்டுமென்றே சூழ்ச்சியால் என் ரதத்தைத் தடுக்கவில்லை என்று கடல் தெய்வத்தின் பேரால் சத்தியம் செய் என்கிறான். ஆண்டிலோக்கஸ் சத்தியம் செய்யவில்லை. இளமையின் அவசரத்தைப் பொறுத்தருள வேண்டும் என்று பணிந்து, குதிரையை ஒப்படைக்கிறான். மனம் கனிந்த மெனலாஸ் அதை அவனுக்கே திருப்பித் தருகிறான்.

ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தக் கதைக்குள், இன்றைய பந்தய நீதியின் அங்கங்கள் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன. பார்த்ததைச் சொல்லத் தொலைவில் நிறுத்தப்பட்ட சாட்சி, பரிசு கை மாறும் முன்பே எழுந்த ஆட்சேபம், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அளிக்கப்பட்ட வாய்ப்பு, பறிக்கப்பட்ட இடத்தை உரியவனுக்கு மீட்டளித்தல் ஆகிய நான்கும் அங்கே இருக்கின்றன. பிற்காலம் சேர்த்தது நுணுக்கமான விதிகளையும் புகைப்படக் கருவியையுமே.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஸ்வீடன் முதலிய தேசங்களில், இரு சக்கரங்கள் கொண்ட மிக இலகுவான வண்டியைக் குதிரையின் பின்னே பூட்டி, சாரதி அதில் அமர்ந்து ஓட்டுகிற பந்தயம் பெரும் புகழ் பெற்றது. அங்கே குதிரை நான்கு கால் பாய்ச்சலில் ஓடலாகாது. எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து எழுகிற நடையிலோ, ஒரு பக்கத்துக் கால்கள் சேர்ந்து எழுகிற நடையிலோதான் ஓடவேண்டும். ஆர்வமிகுதியால் அது பாய்ச்சலுக்கு மாறிவிட்டால், பக்கத்தில் இடம் இருக்கும்போது சாரதி அதைத் தடத்திலிருந்து விலக்கி, வேகத்தைக் குறைத்து, பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். பாய்ச்சலால் அவன் ஓரடியும் லாபம் அடையலாகாது. குதிரையோடு சக்கரங்களும் ஓடுவதால் இந்தப் பந்தயத்தில் வழியைப் பற்றிய விதிகள் மிகவும் கண்டிப்பானவை: பின்னால் வருகிறவனுடைய குதிரையின் முன்னங்கால்கள் தன் சக்கரத்தில் இடறாத அளவுக்கு முழுமையாக முந்திய பிறகே ஒருவன் குறுக்கே வரலாம். முன்னே செல்பவனுக்குத் தன் தடம் சொந்தம். பக்கத்துத் தடம் சொந்தமன்று.

ஆட்சேபம் எழுந்தால் அங்கே நடப்பது இதுதான். ஓட்டம் முடிந்தவுடனே, முடிவு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படும் முன்பே, பாதிக்கப்பட்ட சாரதி நடுவர்களிடம் முறையிட வேண்டும். முறையீடு இல்லாவிட்டாலும் நடுவர்கள் தாமாகவே விசாரணையைத் தொடங்கலாம். விசாரணை நடப்பதைக் குறிக்கும் அறிவிப்பு பலகையில் ஒளிர, பல கோணங்களில் எடுக்கப்பட்ட படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, இரு சாரதிகளின் வாக்குமூலங்களையும் கேட்டு, நடுவர்கள் மூன்று வினாக்களுக்கு விடை காண்கிறார்கள். இடையூறு உண்மையில் நேர்ந்ததா? அதற்குக் காரணமானவர் யார்? அதனால் மற்றவருக்கு இடம் பறிபோயிற்றா? மூன்றுக்கும் விடை தெளிவானால், மறித்தவன் எத்தனை வேகமாக வந்திருந்தாலும், மறிக்கப்பட்டவனுக்குப் பின்னே இறக்கப்படுகிறான். வேண்டுமென்று செய்தானா, கவனக்குறைவால் செய்தானா என்பது சாரதிக்குரிய அபராதத்தையும் தடைநாட்களையும் நிர்ணயிப்பதற்கான வேறு வினா. செயலின் விளைவையும் செய்தவனின் நோக்கத்தையும் இவ்வாறு பிரித்துப் பார்ப்பது பெரிய விவேகம்; ஏனெனில், நல்லெண்ணத்தோடு மறித்தாலும் மறிக்கப்பட்டவனின் நஷ்டம் நஷ்டமே.

ஜாக்கிகள் ஏறி ஓட்டும் பந்தயங்களில் இவ்விஷயத்தில் இரண்டு சித்தாந்தங்கள் நிலவுகின்றன. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற தேசங்களில், தடை நேராதிருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை மற்றதை வென்றிருக்கும் என்று நடுவர்கள் திருப்தி அடைந்தால்தான் இடம் மாறும். அமெரிக்காவிலோ, நல்ல இடத்தைப் பெறும் வாய்ப்பு பறிக்கப்பட்டது என்றாலே போதும். 2019 மே 4 அன்று கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்த மேக்ஸிமம் செக்யூரிட்டி என்னும் குதிரை, வளைவில் விலகி மற்றக் குதிரைகளைத் தடுத்தது என்று ஜாக்கிகள் ஆட்சேபிக்க, நடுவர்கள் ஏறக்குறைய 22 நிமிஷங்கள் படங்களை ஆராய்ந்து, தடுக்கப்பட்ட குதிரைகளில் ஒன்றுக்குப் பின்னே, பதினேழாம் இடத்துக்கு அதை இறக்கினார்கள். கன்ட்ரி ஹவுஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஓட்டத்தில் செய்த பிழைக்காக முதலில் வந்த குதிரை இடமிழந்தது அப்பந்தயத்தின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. லக்ஷக்கணக்கானோர் கண்முன் ஒரு மகுடத்தைக் கழற்றுவது எளிய காரியமன்று. ஆயினும் விதி முன்பே எழுதப்பட்டிருந்ததால் அது நிறைவேறியது.

நம் பக்கத்துக்கு வருவோம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, தூத்துக்குடி வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் மாட்டு வண்டி எல்கைப் பந்தயங்களில், பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, இத்தனை மைல் போய்வரவேண்டும் என்று எல்கை குறித்து, பல ஜோடிகளைச் சேர்ந்தாற்போல் சாலையில் விடுகிறார்கள். குதிரை வண்டிகளுக்கும் இவ்வாறே பந்தயம் உண்டு. எல்லையில் கொடியை வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்புகிற அந்த ஒரு நிமிஷத்தில்தான், போகிற வண்டியும் வருகிற வண்டியும் எதிர்ப்பட, குறுக்கே விட்டான், அணைத்துவிட்டான் என்ற கூச்சல் எழுகிறது. கொங்கு நாட்டு ரேக்ளாக்காரர்கள் இந்தத் தொல்லையை வேரோடு நீக்கிவிட்டார்கள்: 200 மீட்டர் அல்லது 300 மீட்டர் தூரத்தை ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியே ஓட, கடிகாரம் நியாயம் சொல்கிறது. வேலூர் வட்டாரத்து எருது விடும் விழாவிலும், காளைகளை ஒவ்வொன்றாக விட்டு, கடந்த நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். தனி ஓட்டத்தில் மறிப்பதற்கு ஆளில்லை. ஆனால் சக்கரத்தோடு சக்கரம் உரசாமல் வண்டி செலுத்துகிற சாமர்த்தியத்துக்கும் அங்கே வேலையில்லை. ஆகவே எல்கைப் பந்தயம் தொடர்கிற வரையில் பிராதும் தொடரும்.

திருப்பதிக்கு அருகே சந்திரகிரி வட்டாரத்தில், ரங்கம்பேட்டை முதலிய ஊர்களில், பொங்கலை ஒட்டி நடக்கும் பசுவுல பண்டுக என்னும் விழாவில், கொம்புகளில் பலகை கட்டிய காளைகள் தெருவில் பாய்ந்துவர, இருமருங்கிலும் நிற்கும் இளைஞர்கள் அந்தப் பலகையைப் பறிக்க முயல்கிறார்கள். அங்கே வண்டியில்லை, சாரதியில்லை. ஆயினும் ஓடுகிற பிராணிக்கு வழி விடவேண்டும் என்ற தர்மம் அங்கும் மையமாக நிற்கிறது. தெரு அடைபட்டால் காளைக்கும் ஆபத்து, மனிதனுக்கும் ஆபத்து.

எல்கைப் பந்தயம் நடத்துகிற ஊர்க் கமிட்டியார் செய்யக்கூடியவை மிகுந்த செலவுள்ளவை அல்ல. புறப்படும் முன்பே எல்லாச் சாரதிகளையும் கூட்டி, எப்போது குறுக்கே வரலாம், கொடியை எந்தப் பக்கமாகச் சுற்றவேண்டும் என்று ஓதிவிடலாம். பந்தயத்தில் மாடு விடாத, சுற்றுப்புறத்தில் மதிப்புள்ள இருவரை எல்லையில் பீனிக்ஸைப் போல நிறுத்தி, கையில் ஒரு கைபேசிக் கேமராவையும் கொடுக்கலாம். ஆட்சேபத்தை இறங்கிய உடனே சொல்லவேண்டும், பரிசு கொடுத்த பிறகு சொன்னால் ஏற்பதில்லை என்று வரையறுக்கலாம். தீர்ப்பைக் காரணத்தோடு ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்க அறிவிக்கலாம். இவற்றில் கடைசியானதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். காரணம் சொல்லாத தீர்ப்பு நியாயமாகவே இருந்தாலும், தோற்றவன் அதைச் சந்தேகத்தோடுதான் வீட்டுக்குக் கொண்டுபோவான். முறையிடுகிறவனைத் தோல்வியைப் பொறுக்காதவன் என்று இகழ்வதும் தவறு. தன் கோபத்தைச் சாலையில் காட்டாமல் நடுவரின் மேஜைக்குக் கொண்டுவருகிறவன், பந்தயத்துக்கு மிகுந்த மரியாதை செய்கிறவன்.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்ததும், 2017இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியதும், 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றதும் நாம் அறிந்தவை. அந்த நீண்ட வழக்கின் ஆதாரமான கேள்வி பிராணிகளின் துன்பத்தைப் பற்றியது. வழிமறிக்கும் விவகாரத்திலும் அக்கேள்வியே ஆழத்தில் கிடக்கிறது. நெருக்கி ஓட்டப்பட்ட வண்டியில் சாரதி குதித்துத் தப்பலாம். நுகத்தடியில் பூட்டப்பட்ட மாடு எங்கே குதிக்கும்? சக்கரம் காலில் ஏறினால் அந்த வாயில்லா ஜீவன் எந்த மேஜைக்கு வந்து முறையிடும்? மெனலாஸ் சத்தியம் கேட்டபோது குதிரைகளைத் தொடச் சொன்னதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்குகிறது. பந்தயத்தில் மெய்யாகவே பாதிக்கப்படக்கூடிய சாட்சி அவைதாம்.

காணிப்பாக்கத்து நதிக்குப் பாஹுதா என்று பெயர் வந்த வரலாற்றை மகாபாரதத்தின் சாந்தி பர்வத்துக் கதையோடு இணைத்துச் சொல்கிறார்கள். தமையன் சங்கரின் ஆசிரமத்துப் பழத்தை அனுமதியின்றி உண்ட லிகிதர், அது திருட்டு என்று தமையன் சொன்னதும், தாமே அரசனிடம் சென்று தண்டனை கேட்கிறார். மன்னிக்க விரும்பிய அரசனை அவர் விடவில்லை, கைகள் வெட்டப்படுகின்றன. பிறகு தமையன் சொற்படி அந்த நதியில் மூழ்கி எழுந்தபோது கைகள் மீண்டும் முளைக்கின்றன. பந்தயத்திலும் இதுவே முறையாகவேண்டும்: தவறு செய்த சாரதி இடத்தை இழக்கவேண்டும், சில பந்தயங்களுக்கு ஒதுங்கியும் இருக்கவேண்டும். ஆனால் அதன் பின் அவன் மீண்டும் கயிற்றைப் பிடிக்கும்போது, எல்கையில் நிற்கிற ஜனங்கள் பழையதைச் சொல்லிக் காட்டாமல் அவனுக்கும் வழி விடவேண்டும்.