விற்பவர் காட்டும் முத்திரையும் ஏரி கேட்கும் சான்றும்

ஓசூரில் தொழில் செய்பவர்களுக்குச் சான்றிதழ் புதிதில்லை. சிப்காட் பக்கம் நான்கு லேத் போட்டிருக்கிற பட்டறைக்காரர்கூட, இரும்பு வாங்கும்போது "3.1 சர்டிபிகேட் போதுமா, 3.2 வேணுமா?" என்று கேட்பார். முதலாவது ஆலையே சோதித்துத் தருவது. இரண்டாவதில் வெளியாள் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருப்பார். அதே மனிதர் கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரியை ஒட்டி ரிசார்ட் கட்டி, வெளிநாட்டிலிருந்து இரண்டு படகு தருவிக்கலாம் என்று இறங்கினால், "சிஇ முத்திரை இருக்கு சார்" என்ற ஒற்றை வார்த்தையில் அடங்கிப்போகிறார். டீ வரட்டும், அந்த முத்திரையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

சிஇ என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் முத்திரை. உல்லாசப் படகுகளுக்கு அந்த ஒன்றியம் வைத்திருக்கும் சட்டம் 2013இல் வந்தது; 2016 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. இரண்டரை மீட்டர் முதல் 24 மீட்டர் வரை நீளமுள்ள படகுகளை அது ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கிறது. சி என்றால் இரண்டு மீட்டர் அலைவரை தாங்கும். டி என்றால் 0.3 மீட்டர், எப்போதாவது அரை மீட்டர். அதாவது முழங்காலைத் தொடும் அலை. ஏரிக்கு டி போதும் என்பார்கள். அமைதியான ஏரிக்குப் போதும்தான். கோடை மழைக்கு முன் காற்று சுழற்றி அடிக்கும்போது அணைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கரையில் இருப்பவர்களை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத சங்கதி இனிமேல்தான். டி வகைப் படகின் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் வெளியாள் யாரும் வந்து சோதிக்க வேண்டியதில்லை. தயாரித்தவரே "விதிப்படி செய்திருக்கிறேன்" என்று எழுதி முத்திரை குத்திக்கொள்ளலாம். மோசடி இல்லை, சட்டமே தரும் அனுமதி. உடன் வரும் உறுதிமொழித் தாளில் ‘மாட்யூல் ஏ’ என்று மட்டும் இருந்தால் அது அவருடைய சொந்த வாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் படகும், கையால் துடுப்புப் போடும் கயாக்கும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. பெடல் படகுக்கு ஒருவர் இதே சான்றைக் காட்டினால் "எந்தச் சட்டத்தின்படி?" என்று கேட்டுப் பாருங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

முத்திரையைவிடப் பயனுள்ளது அது பொறித்திருக்கும் தகடு. உள்ளங்கை அளவுதான் இருக்கும். தயாரிப்பாளர் பெயர், வகை எழுத்து, எத்தனை பேர், எத்தனை கிலோ என்று நான்கே விஷயம். பெரியவர் ஒருவருக்கு 75 கிலோ என்பது அங்கே வழக்கமான கணக்கு. தகட்டில் ஆறு பேர் என்றிருந்து, படகில் எட்டு இருக்கை பொருத்தியிருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடலாம்.

சரி, சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியாயிற்று. சுங்கத்தில் 8903 என்ற தலைப்பில் வரி கட்டுவீர்கள். அவர்கள் வகையையும் மதிப்பையும் பார்த்துத் தீர்வை போடுவார்கள். சுங்க ரசீதைக் காட்டி "அரசாங்கமே அனுமதிச்சாச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தண்ணீரில் இறக்கத் தேவைப்படுவது 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலன்கள் சட்டத்தின்படியான சான்று. 1917இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை மாற்றிவிட்டு வந்தது இது. ஏரியும் இதன் வரம்புக்குள் வரும். இயந்திரம் பூட்டிய படகுக்குச் சர்வே, பதிவு, காப்பீடு, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று எல்லாம் வேண்டும். துடுப்புப் படகுகளுக்குத் தனி அத்தியாயம் உண்டு. இன்னொரு வசதி, ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுக்கச் செல்லும். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினாலே வரி, பர்மிட் என்று அல்லாடிப் பழகிய நமக்கு இது ஆச்சரியம்தான். ஆனால் அணையிலோ ஏரியிலோ படகு விட, அந்த நீர்நிலைக்குப் பொறுப்பான துறையின் அனுமதி வேறு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் தேக்கடியை நினைத்துக்கொள்ளட்டும். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே கவிழ்ந்த ‘ஜலகன்யகா’ ஓட்டைப் படகில்லை. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் புதிதாக இறக்கிய இரண்டடுக்குப் படகு. மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் ஒதுங்கினார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. 45 பேர் போய்விட்டார்கள். ஆட்கள் ஒருபக்கம் கூடினால் படகு எவ்வளவு சாயும் என்பதை முத்திரையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, நிலைத்தன்மைக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, முன்பணம் அனுப்பும் முன் உறுதிமொழித் தாள், தகட்டின் புகைப்படம், வரைபடத்தோடு நிலைத்தன்மைக் கணக்கு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை இங்குள்ள சர்வேயரிடம் காட்டி, பதிவாகுமா என்று தெரிந்துகொண்ட பிறகு பணத்தைப் போடுங்கள். மூன்றில் ஒன்றைத் தர விற்பவர் இழுத்தடித்தால் வேறு படகு பாருங்கள்.