எலி கடித்த வயர்: எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது



இந்த முறை நாம் பேசப் போவது பார்வைக்கு ஒரு சின்ன விசயம். ரேடியோ, டிவி, பாட்டுப் பெட்டி ஆகியவற்றின் வயர்களை எலியும் நாய்க்குட்டியும் கடித்து வைப்பதைப் பற்றியது. "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்பீங்க. ஆனால் லயத்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், டிவிக்குப் பின்னால் ஏதாவது ஒரு வயரில் டேப் சுற்றியிருப்பதைப் பல இடத்தில் காணலாம். சில வீட்டில் டேப் கூட இல்லை. பொலித்தீன் பையைக் கிழித்துச் சுற்றி, நூலால் கட்டியிருக்கிறாங்க. இன்னும் சில வீட்டில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். கேட்டால், "பாட்டு நல்லாத்தானே கேக்குது சார்" என்று பதில் வரும். பாட்டு கேட்பது வேறு, வயர் பத்திரமாக இருப்பது வேறு.

பழைய ரேடியோவும் இன்றைய பெட்டியும்

ரேடியோ நமக்குப் புதிதல்ல. கொழும்பில் 1925 டிசம்பர் மாதம் ஒலிபரப்பு தொடங்கியது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது. 1967இல் கூட்டுத்தாபனம் ஆனது. நம் தாத்தா, பாட்டி காலத்தில் அநேக லயங்களில் கரண்ட் கிடையாது. பெற்றரி போட்ட ரேடியோதான். அந்த ரேடியோவின் வயரை எலி கடித்தால் என்ன ஆகும்? பாட்டு நிற்கும், அவ்வளவுதான். பெற்றரி கரண்ட் ஆளை அடிக்காது.

இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. காம்பராவுக்குள் 230 வோல்ட் வந்துவிட்டது. டிவி, டிஷ் பெட்டி, சவுண்ட் பெட்டி, போன் சார்ஜர் எல்லாம் ஒரே கோட்டில் மாட்டியிருக்கும். எலியின் பல் அதே பல்தான். ஆனால் அது கடிக்கிற வயர் இப்போது உயிரை எடுக்கிற வயராகவும் இருக்கலாம்.

ஏன் கடிக்கிறது?

எலிக்கு வயரில் பசி தீராது. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வருசத்துக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும் என்றால் பாருங்க. தேய்க்காமல் விட்டால் வாயை மூட முடியாது. அதனால் பலகை, சவர்க்காரம், பிளாஸ்டிக், வயர் எதுவானாலும் கொறித்துப் பல்லைத் தேய்க்கும். வீட்டில் வளர்க்கிற முயலுக்கும் இதே கதைதான்.

நாய்க்குட்டியின் காரணம் வேறு. அதற்கு 28 பால் பற்கள். மூன்று மாதத்திலிருந்து ஆறு, ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து 42 பற்கள் முளைக்கும். அந்த நேரத்தில் முரசு தினவெடுக்கும். செருப்பையும் கடிக்கும், வயரையும் கடிக்கும். பூனைக்குட்டி தொங்குகிற வயரைக் கண்டால் விளையாட்டுக்கு இழுக்கும். குணத்துக்காக அதுகளை அடித்துப் பயனில்லை. வயரைத்தான் நாம் மறைக்க வேண்டும்.

லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்ததும் தொல்லை கூடும். வெளியில் வளையெல்லாம் தண்ணீராகும். எலி அடுப்படிக்கும் பரணுக்கும் ஏறிவிடும். வீட்டுத் தரை ஈரமாக இருப்பதும், எலி வயரைக் கடிப்பதும் ஒரே மாதத்தில் நடக்கிறது. ஆபத்து இங்கேதான் இரட்டிப்பாகிறது.

இரண்டு வகை வயர்

இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க. வீட்டில் இருப்பது இரண்டே வகை வயர்.

ஒன்று, சுவரில் இருந்து பெட்டிக்கு வருகிற கரண்ட் வயர். பிளக் உள்ள வயர் எல்லாம் இந்த வகை. இதில் 230 வோல்ட் ஓடும்.

மற்றது, பெட்டியில் இருந்து சத்தத்தைக் கொண்டுபோகிற வயர். ஸ்பீக்கர் வயர், டிவியில் இருந்து சவுண்ட் பெட்டிக்குப் போகிற சிவப்பு வெள்ளை முனை வயர், போனில் மாட்டுகிற வயர், காதில் மாட்டுகிற ஹெட்செட் எல்லாம் இதில் அடங்கும். வீட்டில் பாவிக்கிற பெட்டிகளில் இந்த வயர் ஆளை அடிக்கிற அளவுக்குக் கரண்ட் கொண்டுபோகாது.

சட்டம் சின்னது: சத்த வயரை ஒட்டலாம். கரண்ட் வயரை ஒட்டக் கூடாது, மாற்ற வேண்டும்.

"டிரிப் சுவிட்ச் இருக்குதானே?"

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. டிரிப் சுவிட்ச் நல்ல காவல்காரன், மறுக்கவில்லை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒரே அளவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது வயரைத் தொட்டு, கரண்ட் அவர் உடம்பு வழியாக நிலத்துக்கு இறங்கினால் அளவு குறையும். 30 மில்லி அம்பியர் குறைந்தாலே வீடுகளில் பொருத்துகிற டிரிப் சுவிட்ச் விழுந்துவிடும்.

ஆனால் ரேடியோ வயருக்குள் இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஒரு குழந்தையோ நாய்க்குட்டியோ அந்த வயரை வாயில் வைத்துக் கடித்தால் இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் வாயில் படும். கரண்ட் ஒரு கம்பியில் போய், வாய் வழியாக, மற்றக் கம்பியில் திரும்பும். நிலத்துக்கு இறங்காது. போனதும் வந்ததும் ஒரே அளவு. அந்த நேரத்தில் டிரிப் சுவிட்ச் விழாமல் போகலாம். ஒரு ரேடியோ ஓடுகிறது என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். ஆகவே டிரிப் சுவிட்சை நம்பி, கடித்த வயரைத் தரையில் விடாதீங்க.

இன்னொன்று தீ. கடித்த இடத்தில் நூல் போன்ற கம்பிகள் பாதி அறுந்து, மீதி ஒட்டி ஒட்டாமல் இருக்கும். அங்கே பொறி பறக்கும், சூடேறும். அதே கோட்டில் கேத்தலையும் ரைஸ் குக்கரையும் மாட்டினால் கேட்கவே வேண்டாம். மேலே பொலித்தீன் சுற்றியிருந்தால் அது உருகிப் பற்றும். லயம் என்பது ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ பக்கத்துக் காம்பராவைக் கேட்டுக்கொண்டு வராது.

கரண்ட் வயரைக் கடித்திருந்தால்

1. வயரைத் தொடாதீங்க. முதலில் சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்துங்க. தரை ஈரமாக இருந்தால், அல்லது சுவிட்ச் பக்கத்திலேயே வயர் கடிபட்டிருந்தால், மெயின் சுவிட்சையே நிறுத்துங்க. பிறகு பிளக்கைக் கழற்றுங்க.

2. வயர் பெட்டியில் இருந்து கழருகிற வகையா என்று பாருங்க. அநேக ரேடியோக்களில் 8 என்ற இலக்கம் போன்ற வாய் உள்ள வயர் கழரும். அதே மாதிரிப் புதியது கடையில் வாங்கலாம். வேலை முடிந்தது.

3. கழராத வகை என்றால் பெட்டியை ரிப்பேர்காரரிடம் கொடுத்து முழு வயரையும் மாற்றுங்க. நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே சில பாகங்களில் கரண்ட் தங்கியிருக்கும்.

4. சார்ஜர், அடப்டர் கடிபட்டு உள்கம்பி தெரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்க.

5. பழைய வயரை வீசும்போது பிளக்கை வெட்டி எடுத்துவிடுங்க. முனை அறுந்த வயரைப் பிள்ளைகள் எடுத்து விளையாட்டாகச் சுவரில் மாட்டினால் பெரிய விபரீதம்.

6. சதுரக் கால் பிளக்கில் பியூஸ் இருக்கும். ரேடியோ போன்ற சின்னப் பெட்டிக்கு 3 அம்பியர் பியூஸ் போதும். சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுகிற பழக்கம் வேண்டாம். பியூஸ் எரிவது நம்மைக் காப்பாற்றத்தான்.

சத்த வயரை ஒட்டுவது எப்படி?

ஸ்பீக்கர் வயர்தான் இருப்பதில் லேசு. பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் வயரையும் பெட்டியில் இருந்து கழற்றுங்க. கடித்த துண்டை முழுவதாக வெட்டி எறியுங்க. எலி மூத்திரம் பட்டிருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி அதில்தான் வருகிறது. கையில் கீறல் இருந்தால் அதை மூடிக்கொண்டு வேலை செய்து, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க.

இப்போது நாலு முனை இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு கம்பியையும் ஒரே அளவில் வெட்டாதீங்க. ஒன்றை 3 சென்ரிமீற்றர் கட்டையாக வெட்டுங்க. எதிர்ப்பக்கத்தில் அதற்கு ஜோடியை அதே அளவு நீளமாக விடுங்க. அப்போது இரண்டு முடிச்சும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக விலகி நிற்கும், ஒன்றோடொன்று முட்டாது. முட்டினால் பெட்டிக்குள் உள்ள பாகம் கருகிப் போகலாம்.

முனையில் 2 சென்ரிமீற்றருக்கு மேல்தோலை உரித்து, கம்பியைப் பளபளப்பாகச் சுரண்டுங்க. ஸ்பீக்கர் வயரில் ஒரு பக்கம் கோடு, அல்லது சிவப்பு நிறம் இருக்கும். கோட்டோடு கோட்டைச் சேருங்க. மாறினால் பெட்டி கெடாது, ஆனால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்து அடிச் சத்தம் குறைந்துபோகும். நன்றாக முறுக்கி, முடிந்தால் ஈயம் வைத்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் தனித்தனியே கறுப்பு டேப் சுற்றி, பிறகு இரண்டையும் சேர்த்துச் சுற்றுங்க. செலோ டேப், பிளாஸ்டர் வேண்டாம். ஈரத்தில் கழன்றுவிடும்.

சிவப்பு வெள்ளை முனை வயருக்குள் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வலை மாதிரி இன்னொரு கம்பி இருக்கும். நடுக்கம்பியை நடுக்கம்பியோடு முறுக்கி, டேப் சுற்றி முடித்த பிறகுதான் வலைக் கம்பியை வலைக் கம்பியோடு சேர்க்க வேண்டும். இரண்டும் தொட்டால் சத்தமே வராது. வலைக் கம்பி சேராவிட்டால் "ம்ம்ம்" என்று உறுமும். உறுமல் கேட்டால் எங்கே பிழை என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஹெட்செட்டுக்குள் இருப்பது தலைமுடி போன்ற கம்பி. மேலே வார்னிஷ் பூசியிருக்கும். அதை நீக்காமல் முறுக்கினால் வேலை செய்யாது. ஈயம் வைக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் செய்து பார்க்கட்டும். இல்லாவிட்டால் புதிது வாங்குவதே லாபம்.

ஒட்டிய வயர் சரியா என்று பார்க்க ஒரு வழி: ஸ்பீக்கர் வயர் பெட்டியில் மாட்டாமல் தனியாக இருக்கும்போது, டோர்ச் பெற்றரி ஒன்றை எடுத்து, வயரின் இரண்டு முனையையும் பெற்றரியின் மேலும் கீழும் ஒரு கணம் தொட்டு எடுங்க. ஸ்பீக்கரில் "டக்" என்று கேட்டால் வயரும் நல்லது, ஸ்பீக்கரும் நல்லது. கரண்ட் வயரில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

திரும்பக் கடிக்காமல் இருக்க

வயரைத் தரையில் ஓடவிடாமல் கிளிப் அடித்து உயரமாகச் சுவரோடு கொண்டுபோங்க. ஆணியை வயருக்கு ஊடாக அடிக்காதீங்க. கீழே வந்துதான் ஆக வேண்டும் என்றால் பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்க. பழைய தண்ணீர்க் குழாயை நீளமாகக் கீறி வயருக்கு மேலே போட்டாலும் நாய்க்குட்டியின் பல்லுக்குத் தடை. மண்ணெண்ணெய் பூசினால் எலி வராது என்று சிலர் சொல்றாங்க. தீ பிடிக்கிற பொருளைக் கரண்ட் வயரில் பூசலாமா? யோசித்துப் பாருங்க. சுவரில் விரல் நுழைகிற ஓட்டை இருந்தால் எலிக்கு அது போதும். கம்பி வலையும் சிமெந்தும் வைத்து அடையுங்க. இரவில் சோற்றுப் பானையை மூடி வையுங்க. படுக்கப் போகும்போது டிவி, சவுண்ட் பெட்டி பிளக்கைக் கழற்றி வைத்தால், எலி கடித்தாலும் நஷ்டம் வயரோடு போய்விடும்.

விபத்து நடந்துவிட்டால்

நாயோ பிள்ளையோ வயரில் ஒட்டிக்கொண்டால் பதறிப் போய் இழுக்காதீங்க. இழுத்தவரும் சேர்ந்து மாட்டுவார். மெயின் சுவிட்சை நிறுத்துங்க. முடியாவிட்டால் காய்ந்த விளக்குமாற்றுக் கம்பால் வயரைத் தள்ளிவிடுங்க. மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். இன்னொருவர் 1990 அம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும்.

தாய்மார் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வயரைக் கடித்த குழந்தையின் உதட்டு ஓரத்தில் சின்ன வெள்ளைக் காயம் மட்டும் தெரியலாம். வலி இல்லாமல் பிள்ளை சிரித்துக்கொண்டும் இருக்கலாம். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒன்று, இரண்டு வாரம் கழித்துக் காய்ந்த தோல் கழரும்போது இரத்தம் பீறிட்டு வர இடம் உண்டு. ஆகவே காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்க.

இன்று மாலை மலையில் இருந்து இறங்கி, தேத்தண்ணி குடித்து முடித்ததும், டிவிக்குப் பின்னால் ஒரு டோர்ச் அடித்துப் பாருங்க. சுற்றிய டேப் தெரிந்தால், அது எந்த வகை வயர் என்று மட்டும் கேளுங்க. பிளக் உள்ள வயர் என்றால், பாட்டு எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் சரி, அந்த வயரை மாற்றிவிட்டு மறு வேலை பாருங்க.