பதநீரும் ஈஸ்ட்டும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை நோக்கிச் செல்வோர் வழியில் பனைமரங்களைக் காண்பர். பனையேறுவோர் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிய கலயத்தை அதிற் கட்டுவர். அதில் ஊறி வடிவதே பதநீர். சுண்ணாம்பு பூச மறந்தால், சில மணி நேரத்தில் சாறு நுரைத்துப் புளித்துவிடும். புளித்த சாற்றைக் காய்ச்சினால் நல்ல வெல்லம் கிட்டாது. மரமேறி இறங்கிய உழைப்பு வீணாகும். இதற்குக் காரணம் யாது?

சாற்றிற் புகும் நுண்ணுயிர்களே காரணம். அவற்றுள் தலையாயது ஈஸ்ட். இஃது ஓரணு உயிர். ஏறக்குறைய இருநூறு ஈஸ்ட்டுகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவது அதன் இயல்பு. இம்மாற்றம் உயிருள்ள ஈஸ்ட்டின் செயலே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துரைத்தார்.

உணவும் வெப்பமும் ஏற்றவாறு அமைந்தால், தாயணுவில் ஓர் அரும்பு தோன்றி வளர்ந்து சேயணுவாகப் பிரியும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று இரண்டாகும். பிறக்கும் ஒவ்வொரு சேய்க்கும் புதிய மென்படலம் வேண்டுமன்றோ? அப்படலம் பெரிதும் பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆயது. பாஸ்போலிப்பிட் மூலக்கூற்றின் தலை நீரை நாடும். இரு வால்களும் நீரை விலக்கும். ஆதலால் தலைகள் வெளிப்புறமும் வால்கள் உட்புறமுமாக அவை ஈரடுக்காய் நின்று, அணுவுக்கு வேலியாகின்றன.

ஏரி நீர் மதகின்வழி இரு கால்களிற் பிரிவதுபோல, பாஸ்பாடிடிக் அமிலம் என்னும் பொருள் ஈஸ்ட்டினுள் இருவழியாகச் செல்லும். வளருங்காலத்தில் அது பெரிதும் படலம் அமைக்கப் பயன்படும். உணவு குறைந்து வளர்ச்சி தளரும்போது, சேமிப்புக் கொழுப்பாக மாறிச் சிறு துளிகளாய்த் தங்கும். மீண்டும் உணவு கிடைத்ததும் அச்சேமிப்புக் கரைந்து புதிய படலத்துக்கு உதவும். வளமுள்ளபோது வளர்தலும், வறுமை வருமுன் சேமித்தலும் இச்சிற்றுயிர் அறிந்த நெறியாகும்.

சுண்ணாம்போ சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கும். சிறிது புளிப்பை விரும்பும் ஈஸ்ட், அச்சாற்றில் அரும்பிப் பெருக இயலாது நிற்கும்.

மனிதரின் உடலணுக்களுக்கும் வேலி இத்தகைய படலமே. ஆகவே, அறிஞர் ஈஸ்ட்டைக் கொண்டு நம் உடலின் கொழுப்பு மாற்றங்களையும் ஆராய்கின்றனர். திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் இவ்வகை ஆய்வு நடந்துள்ளது. ஆயினும், ஆய்வுக்கூடம் காணாத பனையேறிகள் கலயத்திற் பூசும் சிறிது சுண்ணாம்பு, கண்ணுக்குத் தெரியாத உயிரின் பெருக்கத்தைத் தடுத்து, ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பைக் காத்து வருகிறது.