கதவு வரி எங்கே போகிறது?

தோட்டத்து லயத்தில் இருந்தவரை சாலைக்கும் தண்ணீருக்கும் நிர்வாகத்தைக் கேட்டோம். தோட்டம் கைமாறி, தாமானில் வீடு வாங்கியதும் ஆண்டுக்கு இருமுறை ஒரு பில் வருகிறது. அதுதான் மதிப்பீட்டு வரி. நம் பேச்சில் கதவு வரி. நிலவரி வேறு, அது மாநில அரசுக்கு. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதை மறப்பவர்கள் நம்மிடையே அதிகம்.

1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ இதை விதிக்கிறது. உங்கள் வீடு மாதம் 500 வெள்ளி வாடகைக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. விகிதம் நூற்றுக்கு 4 என்றால் வரி 240 வெள்ளி; அரையாண்டுக்கு 120. ஜொகூரில் மட்டும் வாடகையைப் பார்க்காமல் வீட்டின் விலையைப் பார்ப்பார்கள்.

தோட்டம் ஊராகும்போது உட்சாலையையும் கால்வாயையும் வீடமைப்பு நிறுவனமே தன் செலவில் அமைத்து மன்றத்திடம் ஒப்படைக்கிறது. நிலத்தின் பயன் மாறி விலை ஏறினால் வளர்ச்சிக் கட்டணமும் வசூலிக்கலாம். அவை ஒருமுறைப் பணம். தெருவிளக்கு எரிவதும் கால்வாய் தூர் வாருவதும் ஆண்டுதோறும் நம் வரியில்தான். சிறிய மன்றங்களுக்கு அது போதாமல் அரசு மானியமும் தேவைப்படுகிறது.

பாக்கி நின்றால் வாரண்டுடன் வந்து வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யலாம். புதிய மதிப்பீடு அதிகமென்று தோன்றினால், அறிவிப்பில் கண்ட நாளுக்கு 14 நாள் முன்னதாகவே ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். பணம் கட்டப் பிப்ரவரி, ஆகஸ்டு மாதக் கடைசி வரை நேரமுண்டு.