டேப் கேட்டால் டேப் மட்டும் போதுமா?

நெய்வேலியில் 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அதிலிருந்து இந்தப் பக்கத்து மளிகைக் கடைக்காரருக்கும் இயந்திரத்தோடு ஒரு தொடர்பு உண்டு. அரிசி பருப்போடு கயிறு, கிரீஸ், டெஃப்லான் டேப் என்று நம்மில் பலர் வைத்திருக்கிறோம். டிப்பர், பொக்லைன் ஓட்டும் தம்பி வந்து, "அண்ணாச்சி, ஹோஸ்ல ஆயில் கசியுது, ரெண்டு டேப் கொடுங்க" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்குமுன் "எந்த மரை?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

வீட்டுக் குழாயில் தண்ணீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு, மூன்று கிலோ. பொக்லைன் ஹோஸில் அது 200 கிலோவுக்கும் மேல் போகும். குழாய்க்குச் செய்யும் வைத்தியம் அங்கே எடுபடாது.

மரையில் இரண்டு ரகம். முனை சிறுத்துப் போகும் டேப்பர் மரை ஒன்று. என்.பி.டி., பி.எஸ்.பி.டி. இந்த ரகம். இதில் மரையே இறுகி அடைக்கும். மிச்ச இடைவெளிக்கு டேப்போ பசையோ வேண்டும். மற்றது நேர் மரை. இங்கே மரை இழுத்துப் பிடிக்க மட்டுமே. கசிவை அடைப்பது டௌட்டி வாஷர், ஓ-ரிங் அல்லது கூம்பு வாய். ஜே.ஐ.சி. ஃபிட்டிங்கில் கூம்பு 37 டிகிரி. ஜெர்மன் மெட்ரிக்கில் 24 டிகிரி. இவற்றில் பத்துச் சுற்று டேப் சுற்றினாலும் பயனில்லை. பிய்ந்த துணுக்கு ஆயிலோடு போய் வால்வை அடைத்தால் செலவு ஆயிரக்கணக்கில்.

இங்கே ஜெர்மன் இயந்திரமும் உண்டு, நம் நாட்டு வண்டியும் உண்டு, அமெரிக்க அளவும் உண்டு. எனவே மரை மாறிவிடுவது எளிது. அரை அங்குல பி.எஸ்.பி., என்.பி.டி. இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. சில சுற்று ஏறும், சரியாக உட்காராது. அதை எந்த டேப்பும் காப்பாற்றாது.

ஆகவே பழைய ஃபிட்டிங்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டேப்பர் மரைதான் என்றால், பழைய டேப்பைச் சுத்தமாக எடுத்து, மரை ஏறும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று சுற்றச் சொல்லுங்கள். முதல் மரையை விட்டுச் சுற்ற வேண்டும். நேர் மரை என்றால் வாஷரோ ஓ-ரிங்கோ மாற்ற வேண்டும். கூம்பில் கீறல் விழுந்திருந்தால் ஃபிட்டிங்கையே மாற்ற வேண்டும். ஸ்பேனரைப் போட்டு மேலும் இறுக்கினால் வெடிக்கும்.

கசிவு சின்னதுதானே என்று விடுவதும் நஷ்டம். விநாடிக்கு ஒரு சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று கணக்கிட்டால் நாளெல்லாம் ஒழுகும்போது நான்கு லிட்டருக்கு மேல் மண்ணோடு போகிறது.

பணத்தைவிடப் பெரியது கை. இயந்திரத்தை நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, அழுத்தத்தை விட்ட பிறகே ஃபிட்டிங்கைத் தொட வேண்டும். கசியும் இடத்தை விரலால் தடவவே கூடாது. அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். ஊசித் துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கும். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலை, சமயத்தில் கையையே இழக்க நேரும்.

டேப்புக்குப் பக்கத்தில் நாலு அளவு டௌட்டி வாஷரும் ஒரு டப்பா ஓ-ரிங்கும் வைக்கலாம். சரியான சரக்கு நம்மிடம் இல்லையென்றால் ஹோஸ் கடைக்கு வழி காட்டி அனுப்புங்கள். பத்து ரூபாய் வியாபாரம் போகும். ஆள் திரும்பி வருவார்.