ஏர் பிடித்தவர் நாடாண்ட கதை

பதுளையில் நாம் படிப்பிக்கும் வகுப்புகளில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவர் பலர். அரசியல் என்பது வழக்கறிஞர்க்கும் செல்வர்க்குமே உரியது என்று அவர்கள் எண்ணுவதுண்டு. அவ்வேளைகளில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் வரலாற்றைச் சொல்வது எமது வழக்கம்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895ஆம் ஆண்டு, உழவர் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, காங்கிரசில் உயர்ந்து, 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவரானார். தாழ்த்தப்பட்டோர்க்குக் கோயிற் கதவுகளைத் திறந்த சட்டமும், பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்த சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறின. மறு ஆண்டில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் நிலத்தை உழுதவன் அரசிடம் நேரே பட்டா பெற அது வழி வகுத்தது. உழவரின் குறையை உழவரே அறிவார் அல்லவா?

சிபாரிசுக்கு இணங்காத அவரது கண்டிப்பு சொந்தக் கட்சியினர் பலருக்கே கசந்தது. 1949 ஏப்ரலில் பதவியை விட்டு வடலூர் சென்று, வள்ளலார் நெறியில் தொண்டாற்றி, 1970இல் மறைந்தார்.

இவ்வளவும் கேட்டபின் மாணவர் கேட்பர்: "சேர், எங்களில் ஒருவர் அப்படி வரவில்லையா?"

வந்தார். அதே 1947இல், பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அக்கட்சியில் எழுவர் தெரிவாயினர். ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வாக்கும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெழுவரின் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. 1977இலேதான் சௌமியமூர்த்தி தொண்டமான் வாக்குப் பெற்று மீண்டும் சபை புகுந்தார்.

ரெட்டியாருக்குப் பதவி போனபோது திரும்பிச் செல்லச் சொந்த மண் இருந்தது. ஊவாவின் லயங்களில் வாழ்ந்தோர்க்கோ, ஆறு தலைமுறை உழைத்த மலையில் ஒரு முழமும் சொந்தமில்லை. வேலை போனால் குடியிருப்பும் போகும் என்ற அச்சமே மிச்சம். பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரிதும் தீர்ந்தது. நிலப் பிரச்சினை தீரவில்லை. பின்னர் வந்த வீடமைப்புத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என வகுத்தனர். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். வீடு கட்டியபின் கத்தரி நட எவ்வளவு எஞ்சுமென்று எமது மாணவர் கரும்பலகையிற் கணக்கிட்டுப் பார்த்தனர்.