இந்தப் படங்கள் பழையதாக வேண்டும்

கடந்த ஆண்டு பங்குனி மாத இரவொன்றில், நமது மாவட்டத்துக் காலனி ஒன்றின் திடலில் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போட்டோம். சத்யஜித் ராய் இயக்கிய ‘சத்கதி’ என்ற இந்திப்படம். ஒரு மணி நேரம்கூட ஓடாது. பேச்சும் குறைவுதான். எங்களில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தேவையான இடங்களில் தமிழில் சொல்லிவந்தார். பாதிப் படத்துக்குமேல் அவருக்கு வேலையே இருக்கவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது.

படம் முடிந்ததும், முன்வரிசையில் பாய்விரித்து உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கேட்டார்: “பசியோட வெறகு பொளக்கிறவனுக்கு ஒருவாய் கஞ்சி ஊத்தலியே. இது எந்த ஊருல நடந்துச்சு சாமி?”

வடநாட்டுக் கதை என்றும், 1981இல் எடுத்த படம் என்றும் சொன்னோம். பாட்டி நம்பவில்லை. “நான் நம்ம பக்கத்து ஊருன்னுல்ல நெனச்சேன்” என்றார்.

காலத்தை வென்ற படங்கள் என்று பத்திரிகைகளில் அவ்வப்போது பட்டியல் வருகிறது. நூறு நாள் ஓடியது, விருது வாங்கியது, பாட்டு இன்னும் ஒலிக்கிறது என்று காரணமும் சொல்கிறார்கள். அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரு படத்தின் ஆயுளை அளக்க அந்தப் பாட்டியின் கேள்வியைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியவில்லை. யாருடைய வாழ்க்கையை எடுத்தார்களோ, அவர்கள் நடுவிலேயே அந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் தலைகுனிகிறார்களா, நிமிர்ந்து கேள்வி கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பரிதாபத்துக்கு ஆயுள் குறைவு

தீண்டாமையைப் பற்றிய படங்கள் நம் நாட்டில் பேசும்படம் வந்த காலத்திலிருந்தே உண்டு. நந்தனார் கதை 1935இலும் 1942இலும் தமிழில் படமானது. முதலாவதில் கே.பி.சுந்தராம்பாளும் அடுத்ததில் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்துப் பாடினார்கள். இந்தியில் 1936இல் ‘அச்சுத் கன்யா’ வந்தது. தேவிகா ராணியும் அசோக் குமாரும் நடித்தார்கள். 1959இல் பிமல் ராயின் ‘சுஜாதா’ வந்தது. தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து பிராமணர் வீட்டில் வளரும் பெண்ணாக நூதன் நடித்தார்.

இந்தப் படங்களை எடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எடுத்தார்கள். அன்றைக்குத் தீண்டாமையைத் திரையில் பேசுவதே பெரிய காரியம். ஆனால், கதை எப்படி முடிகிறது என்று பாருங்கள். நந்தனார் கதையில் நெருப்பில் இறங்கி எழுந்தால்தான் கோயிலுக்குள் போகலாம். ‘அச்சுத் கன்யா’வில் அந்தப் பெண் மற்றவர்களைக் காப்பாற்ற ரயிலின் முன்னே போய் உயிரைவிடுகிறாள். ‘சுஜாதா’வில் தன்னை மகளாக ஏற்க மறுத்த வளர்ப்புத்தாயின் உயிரைக் காக்க இரத்தம் கொடுத்த பிறகே அவள் அந்த வீட்டு மகளாகிறாள்.

அதாவது, நெருப்போ உயிரோ இரத்தமோ கொடுத்து, தானும் மனிதர்தான் என்று ஒடுக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டும். ஒடுக்கியவரோ எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கடைசியில் கொஞ்சம் மனம் இளகினால் போதும். பார்ப்பவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இந்தப் படங்களின் பாட்டுகள் நிலைத்தன, நடிப்பும் நிலைத்தது. அவை சொன்ன தீர்வு நிலைக்கவில்லை. இன்று காலனியில் இவற்றைப் போட்டால், “நாங்க எதுக்குத் தீக்குளிக்கணும்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

கயிற்றை மறைக்காத படம்

‘சத்கதி’ இங்கேதான் வேறுபடுகிறது. 1936இல் மறைந்த பிரேம்சந்த் எழுதிய சிறுகதையை, தூர்தர்ஷனுக்காக ராய் படமாக்கினார். தோல் வேலை செய்யும் சமூகத்தைச் சேர்ந்த துக்கி, மகளின் நிச்சயத்துக்கு நாள் குறித்துக் கேட்கப் பண்டிதர் வீட்டுக்குப் போகிறார். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு. வாசல் பெருக்கு, மூட்டை சுமந்து போடு, இந்தக் கட்டையைப் பிள என்று வேலைமேல் வேலை ஏவப்படுகிறது. கூலி கிடையாது, சோறும் கிடையாது. அடிமரக் கட்டையை வெட்டி வெட்டியே துக்கி விழுந்து சாகிறார். துக்கியாக ஓம் புரி, அவர் மனைவி ஜுரியாவாக ஸ்மிதா பாட்டீல், பண்டிதராக மோகன் அகாஷே.

கிணற்றுக்குப் போகும் வழியில் பிணம் கிடக்கிறது என்பதுதான் அந்த ஊரின் கவலை. துக்கியின் சாதிசனம் பிணத்தை எடுக்க வர மறுக்கிறது. தொட்டால் தீட்டு என்பதால், பண்டிதர் துக்கியின் காலில் கயிற்றுச் சுருக்கை மாட்டி, தானே இழுத்துக்கொண்டு போய்ச் செத்த மாடுகள் கிடக்கும் இடத்தில் போட்டுவிட்டு வருகிறார். பிறகு, பிணம் கிடந்த இடத்தில் தண்ணீர் தெளித்து மந்திரம் சொல்கிறார். ‘சத்கதி’ என்றால் நற்கதி. படம் அதோடு சரி. யாரும் திருந்தவில்லை, ஆறுதல் வார்த்தையும் இல்லை.

ராய் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் அல்லர். நம்மவர் எடுத்தால்தான் நம் படம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு ‘சத்கதி’யே சாட்சி. கேமராவை எந்தப் பக்கம் வைக்கிறார், கயிற்றைக் காட்டுகிறாரா மறைக்கிறாரா என்பதுதான் கேள்வி. ராய் மறைக்கவில்லை. அதனால்தான் நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு பாட்டிக்கு அது பக்கத்து ஊராகத் தெரிந்தது.

திரைமீது விழுந்த கல்

அதேசமயம், நம்மவர்கள் திரைக்கு வரவே எவ்வளவு விலை கொடுத்தார்கள் என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மலையாளத்தின் முதல் மௌனப்படம் ‘விகதகுமாரன்’. ஜே.சி.டேனியல் எடுத்தது. அதில் கதாநாயகியாக நடித்தவர் பி.கே.ரோசி. புலையர் சமூகத்தில் பிறந்தவர், நாடகமேடையில் பழகியவர். படத்தில் அவர் ஏற்றது நாயர் பெண் வேடம். அது போதுமானதாக இருந்தது. திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது ஆதிக்கச் சாதியினர் கலவரம் செய்தார்கள், திரைமீது கல்லெறிந்தார்கள். ரோசியின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. அவர் லாரி ஒன்றில் ஏறித் தப்பி, தமிழ்ப் பகுதிக்கு வந்து, தான் நடிகை என்பதையே மறைத்து வாழ்ந்து மறைந்தார்.

அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. காலத்தை வென்ற படங்களின் பட்டியலில் அது ஏற முடியாது. பட்டியல் போடுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். காலம் மட்டும் படங்களை அழிப்பதில்லை. சாதியும் அழிக்கிறது.

திரையிலிருந்து வந்த கல்

ரோசியின் காலத்தில் திரையை நோக்கிக் கல் பறந்தது. 2013இல் எடுக்கப்பட்ட ‘ஃபன்றி’ என்ற மராத்திப் படத்தில் திரையிலிருந்து கல் வந்தது.

இயக்கியவர் நாகராஜ் மஞ்சுளே. சோலாப்பூர் மாவட்டத்துக்காரர், கல் உடைக்கும் வட்டார் சமூகத்தில் பிறந்தவர். படத்தின் பெயரைக் கேட்டதும் நமக்கு ஏதோ நினைவு வரும். ஆமாம், நம் ‘பன்றி’தான். படத்தில் வரும் கைக்காடி மக்களின் மொழி தமிழோடு உறவுடையது. பன்றிக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது.

ஜாப்யா பள்ளி மாணவன். உடன்படிக்கும் ஆதிக்கச் சாதிப் பெண்மீது அவனுக்குப் பிரியம். ஊருக்குள் திரியும் பன்றியைப் பிடிக்கும்படி அவன் குடும்பத்துக்கு ஊர்க்காரர்கள் உத்தரவிடுகிறார்கள். தாய், தகப்பன், அக்காளோடு அவனும் பன்றியைத் துரத்துகிறான். கூடப் படிக்கும் பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அந்த நேரத்தில் பள்ளியில் தேசியகீதம் ஒலிக்கிறது. பன்றி ஓட, குடும்பமே அசையாமல் நிற்கிறது. பிறகு, பிடித்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கடந்துபோகும் பள்ளிச் சுவரில் அம்பேத்கரும் புலேயும் சாவித்திரிபாயும் ஓவியங்களாக இருக்கிறார்கள். வசனம் எதுவும் தேவைப்படவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் ஜாப்யா ஒரு கல்லை எடுத்து வீசுகிறான். கல் நேராகப் பார்ப்பவரை நோக்கி வருகிறது. படம் முடிந்துவிடுகிறது.

அந்தக் கல் யாரையும் கொல்வதற்கானது அல்ல. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நம்மையும் அது சேர்த்துக் கேட்கிறது: நீ எந்தப் பக்கம் நின்று சிரித்தாய்? இப்படி அவர்களே கேட்கும்போது படத்துக்கு ஆயுள் கூடிவிடுகிறது.

நெல்லையிலிருந்து ஒரு கேள்வி

நம் தமிழிலும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. 2018 செப்டம்பரில் வெளியான மாரி செல்வராஜின் முதல் படம் ‘பரியேறும் பெருமாள்’. பா.இரஞ்சித் தயாரித்தது. திருநெல்வேலியில் சட்டக்கல்லூரிக்குப் போகும் ஓர் இளைஞனின் கதை. அவன் அடிபடுகிறான், அவமானப்படுகிறான். கூத்தாடும் அவன் தகப்பனையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தகப்பனாக நடித்தவர் நெல்லை தங்கராசு என்ற நாட்டுப்புறக் கலைஞர். தெருவில் துணி பறிக்கப்பட்டு அவர் ஓடும் காட்சியை எங்கள் ஊர்களில் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

ஆனால், படம் அங்கே முடியவில்லை. பரியன் அரிவாள் எடுக்கவில்லை, செத்துப்போகவும் இல்லை. கடைசிக் காட்சியில் அந்தப் பெண்ணின் தகப்பனிடம் நின்று பேசுகிறான். தன்னைச் சமமான மனிதனாகப் பார்க்கும்வரை எதுவும் மாறாது என்று சொல்லிவிடுகிறான். இரண்டு கண்ணாடி டம்ளர்களும் நடுவில் ஒரு பூவுமாகப் படம் முடிகிறது. இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, அந்த இரண்டு டம்ளர்களும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒரு தாயின் பயம்

அந்தப் படத்தையும் காலனியில் போட வேண்டும் என்று பத்தாம் வகுப்பு படிக்கும் பையன்கள் எங்களிடம் கேட்டார்கள். அவர்களில் ஒருவனுடைய தாய் வேண்டாம் என்றார். “படத்தப் பாத்துட்டுப் பள்ளிக்கூடத்துல இவன் எதுனாச்சும் பேசிட்டா, அப்புறம் யாரு சார் வந்து நிப்பீங்க?”

அவர் பயத்தில் தவறில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் வைத்தே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பிறகுதான், கல்விக்கூடங்களில் சாதி வன்மத்தைத் தடுக்கும் வழிகளைச் சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு ஒருநபர் குழு அமைத்தது. படம் வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தில் கேட்ட கேள்விக்கு நிஜத்தில் அரிவாள்தான் பதில் சொன்னது.

அந்தத் தாய்க்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதம் பேசினோம். கடைசியில் ஒன்று தீர்மானித்தோம். படத்தைப் பையன்களுக்கு மட்டும் போடக் கூடாது, தாய்மார்களையும் உட்காரவைத்துப் போட வேண்டும். படம் முடிந்ததும் கலைந்துவிடாமல் ஒரு மணி நேரம் பேச வேண்டும். பள்ளியில் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றிப் பேச வேண்டும், பரியன் ஏன் அரிவாள் எடுக்கவில்லை என்று பேச வேண்டும். ஊர்த்தெருவிலிருந்து நான்கு இளைஞர்களாவது வந்து பார்க்க வேண்டும் என்று அழைக்க வேண்டும். அழைத்தோம். இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்று சொன்ன அந்தத் தாய் முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இதில் அடிபடுகிறவர் பேசுகிறாரா, அவருக்காக வேறு யாரோ பேசுகிறாரா? முடிவில் மாற வேண்டியவர் யார் என்று படம் சொல்கிறது? இதை உங்கள் தெருவில் போட்டுக் காட்டினால் உங்கள் அம்மா நிமிர்ந்து பார்ப்பாரா? மூன்றுக்கும் நல்ல பதில் தரும் படம், ஒருவாரம்கூட ஓடாமல் போயிருந்தாலும் நிலைக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம். மற்ற படங்கள் காலத்தை வென்றால் நமக்கு மகிழ்ச்சி. இந்தப் படங்கள் மட்டும் சீக்கிரம் பழையதாக வேண்டும் என்றே நாங்கள் விரும்புகிறோம். ஒருநாள் ‘சத்கதி’யைப் போடும்போது, நம் பேரப்பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து, “இப்படியெல்லாமா நடந்துச்சு? நம்பவே முடியலையே” என்று கேட்க வேண்டும். அதுவரை வேப்பமரங்களுக்கு நடுவே அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டே இருப்போம்.